தாராசுரத்தில் ஒரு முதலை

தாராசுரம் கோயிலுக்கு நான் போவது இது நாலாவது தடவை. முதல் மூன்று தடவையும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாகத்தான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன பார்த்தாய் என்று கேட்டால், ஒரே தலைக்கு இந்தப் பக்கம் காளை உடம்பு, அந்தப் பக்கம் யானை உடம்பு. குதிரை இழுக்கும் தேர் மாதிரி சக்கரம் வைத்த மண்டபம். கம்பிக் கூண்டுக்குள் அடைத்து வைத்திருக்கும் இசைப் படிக்கட்டு. அவ்வளவுதான். நவக்கிரகக் கோயில்களுக்கு வண்டி பிடித்துப் போகிறவர்கள் நடுவில் அரை மணி நேரம் இறங்கிப் பார்ப்பது இதைத்தான். நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தடவை அத்தை கூட வந்தாள். வயது 74. சுவாமிமலைப் பக்கத்துக் கிராமம். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. ஆனால் சின்ன வயதில் ஊர்க்கோயிலில் மார்கழி மாதம் பெரிய புராணம், அதாவது நாயன்மார்கள் என்கிற சிவனடியார்களின் கதை, சொல்வார்களாம், முப்பது நாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்வரிசைக்கு ஓடிவிடுவாளாம். என் மகளும் வந்தாள், எட்டு வயது. வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: "அண்ணே, இன்னைக்கு நேரம் ஆகும்." அவர் தலையாட்டினார், நம்பவில்லை.

கும்பகோணத்திலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர்தான். தெருவுக்குள் திரும்பும்போது ஒன்றிரண்டு வீடுகளில் பட்டுத் தறிச் சத்தம் கேட்டது. கோயில் தெருமட்டத்தைவிடப் பள்ளத்தில் இருக்கிறது, படியிறங்கித்தான் போக வேண்டும். முந்தின நாள் மழையில் பிராகாரத்தில் அங்கங்கே தண்ணீர் தேங்கியிருந்தது. விமானம் தலைகீழாக அதில் தெரிய, பாப்பா வேண்டுமென்றே அதைக் கலக்கிக்கொண்டு நடந்தாள்.

முதலில் சுவாமி தரிசனம். இந்திரனின் வெள்ளை யானை ஐராவதம் துர்வாசரின் சாபத்தால் நிறம் போய், இங்கே வந்து வணங்கி நிறம் திரும்பப் பெற்றது என்பது தலபுராணம். அதனால் ஐராவதேசுவரர். கூட்டமே இல்லை. குருக்கள் நிதானமாகக் கற்பூரம் காட்டினார். பெரிய லிங்கம், மேலே ஒரு வில்வ மாலை, எண்ணெய்ப் பிசுக்கு வாசனை. அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு வெளியே வந்தோம்.

மண்டபத்தில் வேடரான கண்ணப்ப நாயனாரை அத்தை பார்த்தாள். காலில் செருப்போடு கைகூப்பி நிற்கிறார். "கோயிலுக்குள்ள செருப்பு போட்டுக்கிட்டு நிக்க அவருக்கு மட்டும்தான் உரிமை" என்றாள் பாப்பாவிடம். பாப்பா தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டாள்.

நான் வழக்கம்போல யானை-காளை பக்கம் நகர்ந்தேன். அத்தை எதிர்ப்பக்கம், கருவறையின் வெளிச்சுவரை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே சுற்றிலும் ஒரு குட்டைச் சுவர் ஓடுகிறது, அதன் மேல் சின்னச் சின்ன நந்திகள். விமானத்தின் அடிப்பகுதியில் ஒரு முழ உயரம்கூட இல்லாத கற்சிற்பங்கள் வரிசையாக. மூன்று தடவை வந்தும் நான் அவற்றை ஏதோ அலங்காரப் பட்டை என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். நானாவது தாண்டித்தான் போனேன். அன்றைக்கு ஒருவர் தோள்பையை அதன் மேல் சாய்த்து வைத்துவிட்டு, விமான உச்சியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"டேய், இங்க வா. முதலை."

போனேன். கல்லில் முதலை வாயைப் பிளந்திருக்கிறது. வாயிலிருந்து ஒரு பையன் வெளியே வருகிறான். பக்கத்தில் தேவாரம் பாடிய சுந்தரர். மழையும் வெயிலும் எண்ணூற்றுச் சொச்சம் வருடமாகத் தேய்த்த கல், முகங்கள் மழுங்கிப் போயிருந்தன. ஆனாலும் அந்தப் பையனின் உடம்பு வெளியே வருகிற வாட்டம் இருக்கிறதே, அது மழுங்கவில்லை. யாரும் பிடித்து இழுக்கவில்லை, அவனாக வருகிறான்.

பாப்பா குனிந்து பார்த்தாள். அவள் கண்ணுக்கு நேரான உயரம். "முதலை சிரிக்குது, பாட்டி" என்றாள். நானும் குனிந்து பார்த்தேன். அவள் சொல்லவில்லை என்றால் எனக்குத் தோன்றியிருக்காது. முழுங்கினதைத் திருப்பிக் கொடுக்கும் முதலை எப்படி இருக்கும் என்று அந்தச் சிற்பி யோசித்திருக்கிறானா, இல்லை காலம் அந்த வாயை அப்படித் தேய்த்துவிட்டதா, தெரியவில்லை. நான் சிற்பியின் பக்கம்.

அத்தை அங்கேயே குட்டைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கதையை ஆரம்பித்துவிட்டாள். அவிநாசி ஊர், அந்தக் காலத்தில் புக்கொளியூர். சுந்தரர் தெருவில் வருகிறார். எதிரெதிராக இரண்டு வீடு. ஒரு வீட்டில் மேளம் கொட்டுகிறது, பையனுக்குப் பூணூல் போடுகிறார்கள். எதிர்வீட்டில் அழுகை. என்ன என்று விசாரித்தால், இரண்டு வீட்டுப் பையன்களும் ஒரே வயது, சேர்ந்துதான் மடுவில் குளிக்கப் போயிருக்கிறார்கள். ஒருவனை முதலை முழுங்கிவிட்டது. சில வருடம் ஆகிவிட்டது. அவன் இருந்திருந்தால் இன்றைக்கு இந்த வீட்டிலும் மேளம் கொட்டியிருக்கும். "அழுதுகிட்டிருந்த பெத்தவங்க, சுந்தரர் வந்துருக்காருன்னு தெரிஞ்சதும் கண்ணத் தொடச்சுக்கிட்டு, சிரிச்ச முகமா வந்து கும்பிட்டாங்களாம். அதத்தான் சுவாமியால தாங்க முடியல" என்றாள். அப்புறம் மடுக்கரைக்குப் போய்ப் பாடினார். "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே." அந்த வரியை அத்தை பாடவில்லை, பேச்சாகவே சொன்னாள். எமனிடம் போய்ச் சொல், முதலையைப் பிள்ளையைத் தரச் சொல் என்று ஈசனையே ஏவுகிற வரி. பேச்சாகச் சொன்னதும் நன்றாகத்தான் இருந்தது.

முதலை தந்த பையன் முழுங்கின வயதில் வரவில்லை. இடையில் போன வருடங்களையும் சேர்த்து வளர்ந்து வந்தான். எனக்கு இந்தக் கதையில் எப்போதும் பிடித்த இடம் இது. உயிரைத் திருப்பிக் கொடுத்தது ஒரு பக்கம், போன காலத்தையும் அல்லவா திருப்பிக் கொடுத்தான் இறைவன்.

இந்தக் கதை வருகிற பெரிய புராணத்தைச் சேக்கிழார் 4,000 பாடல்களுக்கு மேல் பாடியிருக்கிறார். பாடியது அநபாயன் என்ற இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில். அவன் மகன் இரண்டாம் இராசராசன், 1146-ல் பட்டத்துக்கு வந்தவன், கட்டிய கோயில் இது. அப்போது ஊருக்கே இராசராசபுரம் என்று பெயர், அதுதான் வாயில் தேய்ந்து தாராசுரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏட்டில் எழுதி ஒரு தலைமுறைக்குள் கல்லில் ஏறியிருக்கிறது. இங்கே உளி பிடித்த யாராவது ஒருவன் சிறுபிள்ளையாகச் சிதம்பரத்தில் அரங்கேற்றக் கூட்டத்தில் அப்பன் தோளில் உட்கார்ந்திருந்தான் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது. ஆதாரம் கேட்காதீர்கள்.

புலவருக்கு ஒரு அடியாருக்கு நூறு பாடல்கூடப் பாட இடம் உண்டு. ஊர் வர்ணனை, ஆறு, வயல், குலம், பிறப்பு என்று நிதானமாக வரலாம். சிற்பிக்குக் கிடைத்தது ஒரு துண்டுக் கல். அதில் எந்த நொடியைப் பிடிப்பது? பையன் மடுவில் இறங்கும்போதா, தாய் அழும்போதா, சுந்தரர் பாட வாயெடுக்கும்போதா? அவன் முதலை வாயைத் திறந்த நொடியைப் பிடித்தான். அதற்கு முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் பார்க்கிறவன் மனதில் ஏற்கெனவே இருக்கிறது என்ற தைரியம் அவனுக்கு. அத்தை மாதிரி ஆட்களை நம்பித்தான் இதைச் செதுக்கியிருக்கிறான். என்னை மாதிரி ஆட்கள் மூன்று தடவை தாண்டிப் போனதில் ஆச்சரியம் என்ன?

சில சிற்பங்களுக்கு மேலே சோழர் காலத் தமிழ் எழுத்தில் குறிப்பும் வெட்டியிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் போக முடியவில்லை. அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு எழுத்து தேவைப்படவில்லை, கையில் இருப்பது ஓலையா, வில்லா, மழுவா என்று பார்த்தே ஆளைச் சொன்னாள். இரண்டு மூன்று இடத்தில் தப்பாகவும் சொல்லியிருப்பாள். ஒரு சிற்பத்தை முதலில் ஒரு நாயனார் என்று சொல்லி, பத்தடி போனதும், "இல்ல, அது அவர் இல்ல" என்று திரும்பி வந்து வேறு கதை சொன்னாள்.

மற்றதெல்லாம் வேகமாகப் பார்த்தோம். வடக்குத் திருச்சுற்றில் பெயர் வெட்டிய 108 சிவாசாரியார்கள், மூன்று முகமும் எட்டுக் கையுமாக அர்த்தநாரி, வெறுமையாக நிற்கும் சில மாடங்கள். இங்கிருந்த கஜசம்ஹாரமூர்த்தி, யானையை அழித்த சிவன், இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறார். அங்கே பாதுகாப்புதான், வெளிச்சமும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் சுற்றி வந்து கும்பிடுகிற வழியில் அவர் இல்லையே என்று எனக்கு ஒரு குறை.

வெளியே வண்டிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார். மணி ஒன்றரை. அம்மன் சன்னதி தனியாகப் பக்கத்தில், நடை சாத்தியிருந்தது. வெளியிலிருந்தே கும்பிட்டோம்.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் பாப்பா கேட்டாள்: "பாட்டி, அந்தப் பையனுக்கு அப்புறம் பூணூல் போட்டாங்களா?"

"போடாமயா? சுந்தரரே மேளம் கொட்டச் சொல்லி, முன்ன நின்னு போட்டு வச்சாரு."

"அது அந்தக் கல்லுல இல்லையே?"

அத்தை பையைத் துழாவி முறுக்குப் பொட்டலத்தை எடுத்தாள். "இடம் பத்தலடி அவனுக்கு" என்றாள்.