கண்ணில் பட்டும் காணாத முகம்

இத்தாலிய இயக்குநர் தாரியோ அர்ஜெந்தோவின் ‘ப்ரொஃபோந்தோ ரோஸ்ஸோ’ (1975) படத்தை நேற்றிரவு இரண்டாம் முறை பார்த்தேன். முதல்முறை தவறவிட்ட ஒரு முகத்துக்காகவே பார்த்தேன் என்றும் சொல்லலாம். கொலையைக் கண்டு ஓடிவரும் பியானோக் கலைஞன், ஓவியங்கள் தொங்கும் நடைகூடத்தைக் கடக்கும்போது அவன் மனத்தில் பதியாமல் போன ஒன்றைக் கேமரா நமக்கும் ஒளிக்காமல் காட்டிவிடுகிறது. இம்முறை படத்தை அங்கேயே நிறுத்தினேன்; அந்த முகம் அங்கேதான் இருக்கிறது.

மஞ்சள் அட்டைத் துப்பறியும் நாவல்களால் ‘ஜாலோ’ (இத்தாலிய மொழியில் மஞ்சள்) என்று பெயர்பெற்ற இவ்வகைக் கொலை மர்மப் படங்களைப் பல விமர்சகர்கள் நெடுங்காலம் மலிவுச் சரக்காகவே எண்ணினர். இப்படம் அமெரிக்காவில் இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டப்பட்டு வெளியானபோது, நியூயார்க் டைம்ஸின் வின்சென்ட் கான்பி இயக்குநரைத் திறமையற்றவர் என்றே எழுதினார். நாயகனும் பெண் நிருபரும் சீண்டிக்கொள்ளும் காட்சிகள் பலவும் அந்த வெட்டில் போயின என்பதால், கான்பியை முழுக்கக் குறைசொல்லவும் மனம் வரவில்லை.

முழு வடிவம் பரவலாகக் கிடைத்த பிறகு, இதை அர்ஜெந்தோவின் தலைசிறந்த படமாகக் கருதுவோர் பெருகினர். நடுப்பகுதி இழுவைதான், பெண்கள்மீதான வன்முறையைப் படம் ரசிக்கிறது என்ற குற்றச்சாட்டையும் என்னால் ஒதுக்க முடியவில்லை. ஆயினும், டூரின் நகரச் சதுக்கத்தில் அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பரின் ஓவியத்தைப் போலவே எழுப்பிய அந்த மதுக்கடையும், அதனுள் உறைந்து நிற்கும் மனிதர்களும் கண்ணைவிட்டு அகல மறுக்கின்றனர்.