ஒட்டுசுட்டானில் ஒரு செயின் புளொக்

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34. ஆவணி கடைசியில் இந்தப் பக்கம் வயல்கள் காய்ந்து கிடக்கும். நிறைந்து கிடப்பவை கராஜ்கள். காலபோக உழவுக்கு முன்னம் மெசின்களைத் திருத்தியாக வேண்டுமே! ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வரும்போது, சங்கிலிச் சத்தம் கேட்டு ஒரு கராஜ் வாசலில் நின்றுவிட்டேன்.

மூன்று மரங்களை முக்காலியாக நிறுத்தி, உச்சியில் செயின் புளொக்கைக் கொழுவி, உழவுமெசினின் எஞ்சினைக் கழற்றித் தூக்கிக்கொண்டிருந்தார் மெக்கானிக் அண்ணை. உதவிக்கு ஒரு பொடியன் மட்டும். அண்ணை கைச்சங்கிலியைச் சரசரவென்று இழுக்க, உள்ளே ‘டிக் டிக்’ என்று பல் விழுகிறது. எஞ்சின் விரற்கடை விரற்கடையாக எழும்புகிறது. பாதியில் சங்கிலியை விட்டுவிட்டு வெற்றிலை போடப் போனார். எஞ்சின் அந்தரத்தில் அப்படியே நின்றது.

“விழாதோ அண்ணை?”

“மற்றச் சங்கிலியை இழுத்தாலொழிய இறங்காது தம்பி. பிரேக் அப்பிடி.” ஆனாலும் அடியில் கால் வைக்கப் பொடியனை அவர் விடவில்லை.

அந்தப் பிரேக்குக்கு வெஸ்டன் பிரேக் என்று பெயர். தொங்கும் பாரமே தட்டுகளை இறுக்கிப் பிடிக்கும். பாரம் கூடக் கூடப் பிடியும் கூடும். அதைக் கண்டுபிடித்த தோமஸ் வெஸ்டனின் இன்னொரு பெரிய வேலை, ஒரே அச்சில் அளவு சற்றே வேறுபட்ட இரண்டு கப்பிகள். ஒன்றின் விட்டம் 10 அங்குலம், மற்றது 9 என்றால், உராய்வைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நாம் இழுக்கும் விசையைப்போல் 20 மடங்கு பாரம் எழும்பும். இப்போதைய புளொக்குகளில் அந்த வேலையைப் பற்சக்கரங்கள் செய்கின்றன.

வெஸ்டனின் கப்பியைச் செய்து உலகமெங்கும் விற்றவர்கள் டாங்யி சகோதரர்கள். இங்கிலாந்தின் கோர்ன்வோல் நாட்டுப்புறத்திலிருந்து வந்து, 1850களில் பேர்மிங்ஹாமில் சின்னப் பட்டறை போட்டவர்கள். அவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு கப்பல். பொறியியலாளர் புருனல் கட்டிய கிரேட் ஈஸ்டேர்ன், 211 மீற்றர் நீளம், சுமார் 12,000 தொன் இரும்பு. 1857 நவம்பரில் தேம்ஸ் ஆற்றுக்குள் பக்கவாட்டாகத் தள்ளப் பார்த்தார்கள், அசைய மறுத்தது. சங்கிலிகள் அறுந்தன, நீரழுத்த இயந்திரங்கள் வெடித்தன. டாங்யிகளின் ஹைட்ரோலிக் ஜாக்கிகளும் சேர்ந்து முட்டுக்கொடுத்துத் தள்ள, கடைசியில் 1858 ஜனவரி 31இல் மிதந்தது. கப்பலை நாங்கள் தள்ளினோம், அது எங்களைத் தூக்கிவிட்டது என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்களாம். பிறகு 1878இல் லண்டனில், எகிப்திலிருந்து கொண்டுவந்த கிளியோபட்ராவின் ஊசி என்ற கல்தூணை நிமிர்த்தவும் அவர்களின் ஜாக்கிகள் போயின.

பெரிய கிரேன் வந்து நிற்கும் இடமல்ல ஒட்டுசுட்டான். எஞ்சின் இறக்கவும், குழாய்க்கிணற்றில் இறுகிய மோட்டரை இழுக்கவும், மரக்குற்றியை உழவுமெசின் பெட்டியில் ஏற்றவும் இந்த ஒரு தொன் புளொக்தான் வீடு வீடாக இரவல் போகிறது. பட்டறைக்காரர் பட்டறைக்காரருக்காகச் செய்த சாமான் என்பதால்தான் இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

எஞ்சின் பழைய ரயர் ஒன்றின்மேல் இறங்கியது. அடுத்து கியர்பொக்ஸுக்குப் போத்தல் ஜாக்கியை எடுத்து வைத்தார் அண்ணை. அப்போது அவருக்குக் கப்பல் கதையைச் சொன்னேன். ஜாக்கியின் அடியில் பலகையைச் செருகியபடியே கேட்டார்: “அவ்வளவு பாரத்துக்கு ஆற்றங்கரை மண் தாங்கினதோ?”

“அடியில மரக்குற்றிகள் இறுக்கியிருந்தவை அண்ணை.”

“அப்ப சரி.”