ஸ்டாக்ஹோமின் நெரிசல் வரி: ஏழு மாதச் சோதனையும் ஒரு வாக்கெடுப்பும்

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் ஸ்கான்ஸ்துல் பகுதியில் சாலைக்கு மேலே வரிசையாகக் கேமராக்கள் தெரிகின்றன. சுங்கச்சாவடியோ தடுப்புக்கட்டையோ அங்கே இல்லை. கடந்து செல்லும் வண்டியின் எண் பலகை படமெடுக்கப்பட்டு, செலுத்த வேண்டிய தொகை மாதந்தோறும் உரிமையாளருக்குப் பில்லாகப் போய்ச் சேருகிறது. நெரிசலைக் குறைக்க, நகர மையத்துக்குள் நுழையும், வெளியேறும் வண்டிகளிடம் வாங்கும் இந்த நெரிசல் வரி இரவிலும் வார இறுதியிலும் கிடையாது.

இவ்வளவு அமைதியாக இயங்கும் ஏற்பாட்டின் பின்னே கடுமையான சண்டை இருந்திருக்கிறது. 2002 தேர்தலின்போது கட்டணம் வராது என்று வாக்குறுதி அளித்த சமூக ஜனநாயகக் கட்சியே பின்னர் அதைக் கொண்டுவந்ததால் எழுந்த கோபம் முற்றிலும் நியாயமானது என்றே கருதுகிறேன். ஆனால் அதன்பின் நடந்ததை எல்லா நகரங்களும் கவனிக்க வேண்டும். முதலில், 2005 ஆகஸ்டிலேயே கூடுதல் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை, உச்ச நேரத்தில் 20 குரோனர், ஒரு நாளைக்கு 60 குரோனருக்கு மிகாமல் என்று வரி சோதனையாக வசூலிக்கப்பட்டது. வரிப் பகுதியின் எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனை முடிந்ததும் போக்குவரத்து மீண்டும் ஏறியது. தெருவில் நின்று இரண்டையும் கண்ட பிறகுதான், செப்டம்பர் 17 அன்று நகரவாசிகள் வாக்களித்து, சிறிய பெரும்பான்மையில் வரியை ஏற்றார்கள். முன்பு எதிர்த்தவர்களிலும் பலர் மனம் மாறியிருந்தார்கள்.

நான் தங்கிய வீட்டுக்காரர் நகர எல்லைக்கு வெளியே நாக்காவில் வசிப்பவர். "வேலைக்கு நகரத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும். வரி கட்டுவது நாங்கள், முடிவெடுத்தது அவர்கள்" என்றார். அண்டை நகராட்சிகள் பல தாமே நடத்திய வாக்கெடுப்புகளில் வரியை நிராகரித்திருந்ததால், அவருடைய குறையை எளிதில் ஒதுக்க முடியவில்லை. லிடிங்யோ தீவினருக்கு நகரத்தின் வழியாக அன்றி வெளியேறச் சாலை இல்லை என்பதால், அரை மணி நேரத்துக்குள் நகரைக் கடந்துவிட்டால் அவர்களுக்கு விலக்கு உண்டு. நாக்காவினருக்கு அப்படி எதுவும் இல்லை.

2007 ஆகஸ்ட் 1 முதல் வரி நிரந்தரமானது. அதற்குள் ஆட்சிக்கு வந்திருந்த வலதுசாரிக் கூட்டணி, வசூலைப் புதிய சாலைகளுக்கு ஒதுக்க முடிவு செய்தது. காரைக் குறைக்கச் சொல்லி மக்களிடம் வாங்கிய பணத்தைக் காருக்கே வழி அமைக்கச் செலவிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை; அந்தப் பணம் நாக்காவிலிருந்து நகரத்துக்கு வரும் பேருந்துகளுக்கும் ரயிலுக்கும்தான் முதலில் போயிருக்க வேண்டும்.