ஐநூறு பேர் கதை

"ஐநூறு ஸ்பானியர்கள் ஒரு பேரரசையே கவிழ்த்தார்கள்" என்று இன்னும் எத்தனை நாள் கதை விடுவார்களோ! 1521-இல் இன்றைய மெக்சிகோவில் இருந்த அஸ்டெக் பேரரசின் தலைநகர் டெனோச்டிட்லானை முற்றுகையிட்ட படையில் பெரும்பாலானோர் அந்த மண்ணின் ஆட்கள்தான். அஸ்டெக்குகள் மேல் தீராப் பகை கொண்ட ட்லாக்ஸ்கலா மக்கள் ஆயிரக்கணக்கில் ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் பக்கம் நின்றார்கள். நகரைச் சூழ்ந்த ஏரியில் சண்டை போடுவதற்கான 13 கப்பல்களின் பலகைகளை மலை தாண்டிச் சுமந்து வந்ததும் அவர்கள்தான்.

அதற்கு முன்பே பெரியம்மை ஊருக்குள் புகுந்துவிட்டது. அஸ்டெக் மன்னன் மொக்டெசூமாவுக்குப் பின் பட்டத்துக்கு வந்த குயிட்லாவாக் மூன்று மாதம்கூடத் தாண்டவில்லை, அம்மையில் போய்விட்டான். முற்றுகையில் சபுல்டெபெக் குன்றிலிருந்து வந்த குடிநீர்க் கால்வாயையும் உடைத்தார்கள். சுற்றிலும் ஏரி, வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். ஆகஸ்ட் 13-இல் நகரம் விழுந்தது.

ட்லாக்ஸ்கலாவுக்குச் சில சலுகைகள் கிடைத்தன. கோர்டெஸை ஆதரித்த அவர்களுடைய தலைவர் மாஷிஷ்கட்சின் அதைப் பார்க்க இல்லை. 1520-லேயே அதே அம்மை அவரையும் கொண்டுபோயிருந்தது.