மார்ச் 31-இல் விற்ற துணி

ஆந்திரத்தின் நகரி, புத்தூர் பக்கத்து விசைத்தறி முதலாளிகளின் கணக்குகளைப் பார்த்துவரும் எனக்கு, மார்ச் கடைசி வாரத்துப் பில்கள்மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. மார்ச் 31 அன்று பில் போட்டு வியாபாரியின் கிடங்குக்கு அனுப்பிய சரக்கு, ஏப்ரலில் கட்டுப் பிரிக்காமல் திரும்பி வந்திருந்தால், அது விற்பனையே அல்ல; வங்கிக்குக் காட்ட ஊதிய லாபம். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் இதையே செய்தால், ஏமாறுவது முகம் தெரியாத பங்குதாரர்கள்.

அப்போது எங்கள் மாநிலத் தலைநகராயிருந்த ஹைதராபாத்தில்தான் சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் விவகாரம் வெடித்தது. இல்லாத ரொக்கமும் வங்கி இருப்புமாக ரூ. 5,040 கோடி கணக்கில் ஏறியிருப்பதை 2009 ஜனவரி 7 அன்று அதன் நிறுவனரும் தலைவருமான ராமலிங்க ராஜு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். அது நுணுக்கமான மதிப்பீட்டுச் சிக்கலே அல்ல என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. இருப்புக்கான உறுதிக் கடிதத்தை, நிறுவனத்தின் கை படாமல், தணிக்கையாளர் வங்கியிடமே நேராகக் கேட்டு வாங்கியிருந்தால் குட்டு முன்பே உடைந்திருக்கும்.

2013 கம்பெனிகள் சட்டம், பட்டியலிட்ட நிறுவனம் ஒன்றின் கணக்கை ஒரே தணிக்கை நிறுவனம் தொடர்ந்து பார்ப்பதற்கு இரண்டு ஐந்தாண்டுத் தவணை என்று வரம்பு கட்டியது. 2018-இல் தணிக்கையாளர்களைக் கண்காணிக்கும் தேசிய நிதி அறிக்கை ஆணையமும் வந்தது. நல்லதே. ஆயினும் தணிக்கைக் கட்டணம் தருவது தணிக்கைக்கு உள்ளாகும் நிறுவனமே. நிறுவனர் தரப்பைச் சாராமல் இருக்க வேண்டிய சுயேச்சை இயக்குநரின் நியமனமும் பெரும்பாலும் எழுதாத விதியாக நிறுவனர் குடும்பத்தின் சம்மதத்தைச் சார்ந்தே நிற்கிறது.

ஆகவே ஆண்டறிக்கை கிடைத்தால், லாபத்தையும் தொழிலில் வந்த ரொக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, வரவேண்டிய பாக்கிகளின் வயதைக் காட்டும் அட்டவணைக்குத்தான் நான் போகிறேன்.