எனக்கு வேணும்

ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்தேன். ஜப்பானில் பள்ளி ஆண்டு அப்போதுதான் தொடங்கும். டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் கத்தோலிக்கப் பன்னாட்டுப் பள்ளி அது. பெயர்தான் பன்னாட்டு, பிள்ளைகள் எல்லோரும் ஜப்பானியர். அப்பாவின் வேலைக்காகச் சிங்கப்பூரிலோ ஜெர்மனியிலோ சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. அவர்களைக் கிகொகுஷிஜோ என்பார்கள். எனக்கு எட்டாம் வகுப்பு ஆங்கிலம் கொடுத்தார்கள்.

நம் ஊர் கான்வென்ட் மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். என் வகுப்பின் 34 பேரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இரண்டே பேர். நாடு முழுக்கவே கத்தோலிக்கர்கள் நூற்றுக்கு அரைப்பேர்கூடத் தேறமாட்டார்கள். ஆனாலும் காலையில் பரலோக மந்திரத்தை 34 பேரும் தப்பில்லாமல் சொல்வார்கள். நுழைவுத்தேர்வு நெருங்கினால் மேல்வகுப்புப் பிள்ளைகள் படிப்புக்கான ஷின்டோ தெய்வம் தென்ஜினின் கோயிலுக்குப் போய் வேண்டுதல் பலகை கட்டிவிட்டு வருவார்கள். சிஸ்டர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

பிடிபடாதது வகுப்பின் மௌனம். பரீட்சையில் 90 வாங்குகிற பையன், கேள்வி கேட்டால் எழுந்து நின்று மேசையையே பார்ப்பான். தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆவது என்ற பயம். வெளிநாட்டில் படித்து வந்த பிள்ளைகள் இன்னும் மோசம். நல்ல உச்சரிப்பை ஒளித்துவைத்துவிட்டு, மற்றவர்களைப் போலவே வேண்டுமென்றே உடைந்த ஆங்கிலம் பேசுவார்கள். முதல் மூன்று மாதம் கேள்வியும் நானே, பதிலும் நானே.

ஒருநாள் கடைசி வரிசைப் பையன் சமூக அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்து ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால் புனித சவேரியார். ஜப்பானில் படித்த எல்லோருக்கும் அந்தப் படம் தெரியும். நெஞ்சில் குறுக்கே வைத்த கைகள், மழித்த உச்சந்தலை. மூலப் படம் கோபே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அவர் 'ஸபியெரு', வழுக்கைக்கு இன்னொரு பெயர். இவன் அவருக்குக் கூலிங்கிளாஸ் மாட்டியிருந்தான்.

நான் மணப்பாடு பக்கம். தாத்தா பெயர் சவேரிமுத்து. சுருக்கென்றது. திட்டத்தான் வாயெடுத்தேன், என்னவோ தோன்றி, கரும்பலகையில் வரைபடம் போட ஆரம்பித்துவிட்டேன். கோவா, முத்துக்குளித்துறை, மலாக்கா, ககோஷிமா. "1549இல் இவர் உங்கள் நாட்டில் வந்து இறங்கினார். அதற்கு ஏழு வருடம் முன்பே எங்கள் கடற்கரைக்கு வந்துவிட்டார்" என்றேன். சில தலைகள் நிமிர்ந்தன.

அப்புறம் கதையைச் சொன்னேன். தமிழ் தெரியாத மனிதர், இரண்டு மொழியும் தெரிந்த சிலரை வைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று புகுந்துவிட்டது. அதைத் திருத்தச் சொல்லி 1544இல் கூட்டாளிக்குக் கடிதம் எழுதினார். (என்னைக் கேட்டால் அது அப்படியொன்றும் தப்பான ஜெபமில்லை.) ஜப்பானுக்கு வந்தும் அதே பாடுதான். கடவுளுக்கு 'தைநிச்சி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்தார். அது ஒரு புத்தரின் பெயர். 'நம்ம ஆள்தான்' என்று பிக்குகள் வரவேற்றார்களாம். விஷயம் தெரிந்ததும் கடவுளுக்கான லத்தீன் சொல்லான 'தேயுஸ்' என்று மாற்றிக்கொண்டார்.

வகுப்பு சிரித்தது. 'வேணும்' என்பதைச் சொல்லிக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். 'வேநும்' என்று 34 குரல்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்காக மறுநாளே எல்லோரும் கை தூக்கிவிடவில்லை. மௌனம் அப்படியேதான் இருந்தது. அடுத்த வாரம் பயிற்சித்தாள் கொடுத்தேன். முன்வரிசையில் கொடுத்தால் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு பின்னால் தள்ளுவார்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்துவிட்டது போலிருக்கிறது. நான் பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு நாற்காலி நகரும் சத்தம். கூலிங்கிளாஸ் பையன் எழுந்து நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"சென்செய், எனக்கு வேநும்."