டொராண்டோவில் ஒரு பழைய வால்வு ஆம்ப் தேடி

புது நாட்டில் குறைந்த விலைக்குப் பழைய கிட்டார் ஆம்ப் வாங்க வேண்டுமென்றால், உலகமே தேடும் கம்பெனிகளை விட்டுவிட்டு அந்த ஊர்க்காரர்கள் செய்ததைத் தேடுங்கள். ஓசூரில் லேத் மெஷினில் நின்றுவிட்டு டொராண்டோ போன எனக்கு இதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. லீவில் கிருஷ்ணகிரி வந்திருக்கும் இந்த நேரத்தில் எழுதி வைக்கிறேன். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளிநாடு கிளம்பும் பையன்கள் இங்கே இப்போது நிறைய.

ஊரில் இருந்தவரை மைக்செட்டில்தான் கிட்டாரைச் சொருகுவேன். காவேரிப்பட்டணத்தில் மாமாவுக்கு மைக்செட் கடை. மாரியம்மன் பண்டிகைக்கு ஆர்கெஸ்ட்ரா வந்தால் மூலையில் எனக்கும் ஓர் இடம் கிடைக்கும். மைக்செட் கொடுத்ததை அப்படியே பெரிதாக்கித் தரும். கிட்டார் ஆம்ப் வேறு ஜாதி. அது வாத்தியத்தில் பாதி. தந்தியை அழுத்தி அடித்தால் வால்வு (பழைய ரேடியோவில் ஒளிருமே, அந்தக் கண்ணாடிக் குழல்) தாங்காமல் அலையின் தலையை மழுக்கும், சத்தம் தடித்துப் பாடும். விரலைத் தளர்த்தினால் உடனே தெளியும். டொராண்டோவில் ஒரு கடையில் அதை வாசித்துப் பார்த்த பிறகு மைக்செட் சத்தத்தோடு என்னால் திருப்திப்பட முடியவில்லை.

ஆனால் விலை? 1965-இல் சிபிஎஸ் கம்பெனி, கிட்டாரும் ஆம்பும் செய்யும் அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியை வாங்கியது. அதற்கு முந்திய ஃபெண்டர் ஆம்புகளுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கிறார்கள். மணிக்கூலியில் வாடகையும் கட்டி, ஊருக்கும் பணம் அனுப்புகிறவனால் ஆகிற காரியமில்லை.

டொராண்டோவுக்கென்று ஓர் ஆம்ப் உண்டு: டிரேனர். லாங் அண்ட் மெக்குவேட் என்ற இசைக்கருவிக் கடையில் ரிப்பேர் வேலை பார்த்த பீட் டிரேனர் உருவாக்கியது. கடைக்காரர் ஜாக் லாங்கும் அவரும் சேர்ந்து 1963-இல் யார்க்வில் சவுண்ட் கம்பெனியைத் தொடங்கினார்கள். ரிப்பேர்க்காரர் வடிவமைத்தது திறந்தாலே தெரியும்: உறுதியான பெட்டி, கனத்த டிரான்ஸ்பார்மர். அந்த டிரான்ஸ்பார்மரும் பக்கத்து குவெல்ஃப் ஊரின் ஹாமண்ட் கம்பெனி செய்தது. டிரேனரின் பேஸ் மாஸ்டர் என்ற ஆம்ப், ஃபெண்டர் பேஸ்மேன் சர்க்யூட்டை ஒட்டிப் பிறந்தது. லண்டனில் மார்ஷல் கம்பெனி செய்த முதல் ஆம்பும் அதே சர்க்யூட்டிலிருந்து வந்ததுதான். வேர் ஒன்று; மார்ஷல் மட்டும் எட்டாத விலை. கனடாவுக்கு வெளியே டிரேனரைத் தேடுகிறவர்கள் குறைவு, கனடாவுக்குள்ளோ அது நிறையக் கிடக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அதுவே வாசல்.

எனக்கு ஏற்றதாகப் பட்டது டிரேனரின் கிட்டார் மேட், ஒய்.ஜி.எம்-3 என்ற மாடல். இரண்டு இ.எல்.84 வால்வு, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், எதிரொலி தரும் ரிவெர்ப், சத்தத்தை ஏற்றி இறக்கும் டிரெமோலோ. ஏறக்குறைய 20 வாட்தான், ஆனால் வால்வில் 20 வாட் என்பது ஒரு வீட்டுக்கு மிஞ்சிய சத்தம். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நான் குடியிருந்த பேஸ்மென்ட்டுக்கு அதுவே அதிகம். பழைய சாமான் விற்கும் கிஜிஜி இணையதளத்தில் தினமும் தேடினேன். கோடையில் சனிக்கிழமை கராஜ் சேல், சர்ச் தெரு அடகுக் கடைகள். பெயர் போட்டு விற்கிறவர் விலை தெரிந்தவர். "அப்பாவின் பழைய ஆம்ப்" என்று மட்டும் எழுதுகிறவரிடம்தான் நியாயமான விலை இருக்கும். அதோடு நகர நடுவை விட பக்கத்து ஊர்களான ஹாமில்டன், ஓஷவா பக்கம் தேடுவது நல்லது.

ஹாமில்டனில் ஒன்று கிடைத்தது. நான் குடியிருந்த வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தில் இசைக்குழுவில் வாசித்தவர். "உதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில வரேலாது தம்பி, நான் வான் எடுக்கிறன்" என்று அவரே கிளம்பினார். விற்றவர் இரும்பு ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர். அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். டீ போட்டுக் கொடுத்தார். இப்படிக் கேட்பதற்குக் கூச்சப்படவே கூடாது. சூடேறிய பிறகுதான் பழைய ஆம்ப் தன் குறையைக் காட்டும். வால்வைப் பென்சிலால் மெல்லத் தட்டிப் பாருங்கள், ஸ்பீக்கரில் மணி போல் ஒலித்தால் அந்த வால்வு போய்விட்டது; அது சின்னச் செலவு. டிரான்ஸ்பார்மர் கருகிய வாடை வந்தால் மட்டும் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். வாங்கியது பனிக்காலம் என்றால், வீட்டுக்குள் கொண்டுவந்ததும் சுவிட்சைப் போடாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் பூத்திருக்கும். சில மணி நேரம் சும்மா இருக்கட்டும்.

என் ஆம்ப் உறுமியது. வாட்ஸ்அப்பில் மாமாவைக் கூப்பிட்டு போனை ஸ்பீக்கர் அருகே பிடித்தேன். "ஃபில்டர் கண்டன்சர் காஞ்சிபோச்சு மாப்ள. மொதல்ல பிளக்கப் புடுங்கு. புடுங்கினாலும் கண்டன்சர்ல கரண்ட் நிக்கும், முந்நூறு வோல்ட்டுக்கு மேல. ரெசிஸ்டர் வெச்சு எறக்கு, மீட்டர்ல பாரு, ஒரு கைய முதுகுக்குப் பின்னாலயே வெச்சுக்கோ." அப்புறம், "என்ன, உறுமலே ஸ்ருதி ஏறிக் கேக்குது?" என்றார்.

அவர் காது தப்பவில்லை. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கரண்ட்டைச் சீராக்கும் கண்டன்சர் கெட்டால் உறுமல் அதன் இரு மடங்காக 100-இல் வரும்; கிட்டாரில் ஜி ஸ்வரத்துக்குச் சற்று மேலே. அங்கே 60 ஹெர்ட்ஸ், ஆகவே 120. பி ஸ்வரத்துக்குச் சற்றுக் கீழே. கரண்ட் வேலை அறிந்த ஆள் பக்கத்தில் இல்லாமல் யாரும் இதில் கை வைக்க வேண்டாம். எனக்கு வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார், மாமா படிப்படியாகச் சொன்னார். கண்டன்சரை மாற்றியதும் உறுமல் போய்விட்டது. அன்றைக்கு வீட்டுக்காரர் இலங்கையின் ஆட்டப் பாட்டான பைலா மெட்டு ஒன்றை வாசித்துக் காட்டினார். அவர் வாசித்து நான் கேட்டது அதுவே முதல் தடவை.

இந்த முறை மாமா ஒரு டப்பா கொடுத்தார். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த இ.எல்.84-களும் இ.சி.சி.83 வால்வுகளும், பழைய ரேடியோக்களில் இருந்து கழற்றி வைத்தவை. என் ஆம்புக்கு அப்படியே பொருந்தும். பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டுக்குப் பஸ் ஏறிச் சாமான் வாங்கி வந்த காலத்திலிருந்து சேர்த்தது.

அங்கிருந்து ஆம்ப் எடுத்து வரச் சொல்கிறவர்களுக்கு: வேண்டாம். தூக்குவதற்குக் கனம், விமானச் செலவிலேயே விலை ஏறிவிடும். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் போட்டாலும், 60 ஹெர்ட்ஸுக்கென்றே சுற்றிய டிரான்ஸ்பார்மர் இங்கே கூடுதலாகச் சூடேறும். அதைவிட நம் பக்கத்து மைக்செட் கடைப் பரண்களில் வால்வு ஆம்ப் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். மாமா கடையில் ஒன்று இருக்கிறது; இன்புட்டைக் கிட்டாருக்கு ஏற்ப மாற்றித் தரவும் அவருக்குத் தெரியும். கண்டன்சர் மாற்றும்வரை அதற்குக் கரண்ட் கொடுக்க மட்டும் விடமாட்டார்.